நாகம்மா சலித்துக் கொடுத்த மண்

உத்தனப்பள்ளியில் மானம் மரியாதைக்குப் பயந்தவள் யார் என்று கேட்டால் நாகம்மா வீட்டைத்தான் காட்டுவார்கள். புருஷன் போய் ஆறு வருஷம். மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் கொல்லையில் விளைகிற ராகிதான் வருஷம் முழுக்க அவர்களுக்குக் களி. விருந்தாளி வந்தால் இருக்கிற ஒரே நல்ல பாயை விரிப்பாள். கிழிந்ததைச் சுருட்டி மறைத்துவிடுவாள். இந்தக் குணம் ஒரு ஊரையே கவிழ்க்கும் என்று 1957 ஆவணி வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் அப்போது அந்த வட்டாரத்தில் கிராம சேவகர். மண்ணைச் சோதித்து, எந்த நிலத்துக்கு எவ்வளவு உரம் என்று எழுதி அனுப்பும் ஏற்பாடு புதிதாக வந்திருந்தது. அறுவடை முடிந்து மாசியில் ஊரைக் கூட்டி ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தேன். கொல்லையில் பத்து இடத்தில் தோண்டிக் கலந்து ஒரு படி மண் கொண்டு வாருங்கள் என்றேன். ஏன் பத்து இடம் என்று விளக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி.

மறுநாள் முதலில் வந்தது நாகம்மாவின் பை. கல் இல்லை, வேர் இல்லை. மாவு சலிப்பது போலச் சலித்த கறுத்த மண். செம்மண் ஊரில் இது ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றாத மடையன் நான். எல்லார் முன்னாலும் பையைத் தூக்கிக் காட்டி, "மண்ணுன்னா இப்படிக் குடுக்கணும்!" என்றேன். அவள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டே நாளில் இன்னும் பத்துப் பைகள் வந்தன. ஒன்றிலும் கல் இல்லை. கோயமுத்தூர் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினேன்.

சித்திரையில் பதினொரு காகிதங்கள் வந்தன. பதினொன்றும் ஒரே மாதிரி: சத்து மிகுதி, இந்த வருஷம் எரு தேவையில்லை. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்பட்டேன். வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினேன்.

போன வருஷம், புழுக்கை எருவுக்காக ராத்திரியில் கொல்லையில் ஆடு அடைக்கும் ஆட்டுக்காரருக்குக் கூலியாகக் கொடுக்க ராகி பற்றாமல், நாகம்மா வடக்கு மூலையில் மட்டும்தான் ஆட்டுப்பட்டி அடைத்திருந்தாள். மிச்சக் கொல்லைக்கு இந்த வருஷம் அடைப்பதாக இருந்தாள். காகிதத்தைக் கேட்டதும் ஆட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மற்ற பத்துப் பேரும் அப்படியே. மத்திகிரிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து ஊர் எருவை விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆடியில் மழை பெய்தது. விதைத்தார்கள். ஆவணி பிறந்ததும் நாகம்மா என் அறைக்கே வந்து நின்றாள். கையில் ஒரு ராகி நாற்று, மஞ்சளடித்து விரல் நீளம்.

"உங்க காயிதம் பொய் சொல்லுதுங்க சார். வந்து பாருங்க."

போனேன். கண்ணை நம்ப முடியவில்லை. வடக்கு மூலையில் ராகி முழங்கால் உயரம் கரும்பச்சையாக நிற்கிறது. மற்ற இடமெல்லாம் சோகை பிடித்துக் கிடக்கிறது.

"மண்ணு எங்கம்மா எடுத்தே?"

மூலையைக் காட்டினாள்.

"அங்க மட்டுமா?"

"ஏஞ்சார், சர்க்காருக்கு அனுப்பறது, நல்லதா பாத்து அனுப்ப வேணாமா? கல்லும் கட்டியும் அனுப்பினா ஊரைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

காகிதம் பொய் சொல்லவில்லை. ஆட்டுப்பட்டியைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறது. விளக்கிச் சொன்னேன். அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்களின் ஒரு வருஷச் சோறு கண் முன்னால் மஞ்சளாகிக் கிடந்தது.

அவளைத் தேற்றுவதாக நினைத்து, "மத்த பத்துக் கொல்லையாவது தப்பிச்சுதே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

"அவங்களுக்கும் நான்தான் சார் குடுத்தேன். நீங்க மெச்சினதும் வந்து கேட்டாங்க, எங்க மண்ணுல ஒரே கல்லு, வெக்கமா இருக்குதுன்னு. உறைமோர் கேட்டா இல்லேன்னா சொல்லுவோம்? அதே மூலையில அள்ளிச் சலிச்சு ஆளுக்கொரு படி குடுத்தேன்."

பதினொரு கொல்லை. ஒரு மூலை. அந்தக் காகிதங்களை நம்பித்தான் இந்த ஊருக்கு உரம் ஒரு மூட்டைகூட வேண்டாம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். வட்டாரத்துக்கு வந்த உரம் முழுவதும் வேறு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

நாகம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வாங்க சார், சொல்லிடலாம். எம்மேல மண்ணை வாரித் தூத்தட்டும்." கூட நடந்தேன்.

முதல் வீடு செல்வம்மாளுடையது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாகம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: காகிதம் சொன்னது உன் கொல்லையை அல்ல, என் ஆட்டுப்பட்டியை; எரு போடாமல் விட்டது என்னால்தான்.

செல்வம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"உன் மண்ணுதான்னு எனக்குத் தெரியாதாக்கா? நானே வந்துதானே வாங்கினேன்," என்றாள். உள்ளே போய், மஞ்சள் வைத்து மடித்திருந்த அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஆனா இதுல எம் பேரு போட்டு, எங் கொல்லை நெம்பரு போட்டு சர்க்காரு முத்திரை குத்தியிருந்துச்சே சார். நீங்களே வாசிச்சீங்களே."