சாம்பலுக்கு மேலே இரண்டடி மரம்

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, சரியாக நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். எண்ணூருக்கு வடக்கே, நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து விடுகிற ஒரு பெரிய குட்டையில் நடந்தது இது.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்கும்வரை வீட்டில் உட்கார முடியாமல் டைப்பிங், கம்ப்யூட்டர், இந்தி என்று கண்ணில் பட்ட வகுப்பிலெல்லாம் சேர்ந்துகொண்டிருந்தேன். ராயபுரத்தில், மரங்களைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கிற போன்சாய் கிளப் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அதையும் விடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பல் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் கூடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். மரத்துக்குச் சுற்றும் கம்பி எல்லோருக்கும் பாய் கடையிலிருந்துதான். இலைகளில் படிந்த கரித்தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தபடி ஊர்க்கதை பேசுவோம்.

வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைப்போம். நர்சரியில் வாங்கி வளர்த்த மரங்களுக்கு ஒரு மேசை. சுவரிலோ பாறையிலோ தானாக வளர்ந்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அதற்குத் தனி மேசை. கூட்டமெல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான். மரம் கஷ்டப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அழகு என்பது கிளப்பில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. என்னிடம் இருந்த நாலு மரமும் நர்சரி மரங்கள். “இன்னாம்மா, உன் மரம்லாம் கான்வென்ட்ல படிச்சுதா?” என்று கிரேன்காரர் ஒருமுறை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

அந்த நேரத்தில்தான் மீஞ்சூரிலிருந்த சித்தி வீட்டுக்குப் போகும்போது ரயில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத் தரை. அதில் தன்னந்தனியாக ஒரு வேலிகாத்தான் மரம். உயரம் இரண்டடி இருந்தால் அதிகம். ஆனால் அடிமரம் என் தொடை அளவு. கடல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மேலே கொஞ்சம் பச்சை. முப்பது வருடம் தொட்டியில் வைத்துக் கம்பி கட்டினாலும் வராத உருவம். ரயில் நகர நகரக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கிளப்பில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய் மட்டும், பார்த்துவிட்டு வரலாமே என்றார். மறுவாரம் காலை ஒன்பது மணிக்கு அவருடைய மொபெட்டில் கிளம்பினோம். முன்னால் ஒரு கடப்பாரை, வேரைக் கட்ட நாலு கோணிப்பை, ஒரு பெரிய வடக்கயிறு.

குட்டையைச் சுற்றி மண்கரை. கரைமேல் ஓர் இரும்புக் கம்பத்தில் உள்ளே இறங்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தேன். பாய் தயங்கினார். தன் எடைக்கு இதெல்லாம் சரிவராது, நீயும் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு இறங்கு என்றார். கரையோரமாக ஓர் இடத்தில் குத்தினேன். கெட்டியாக இருந்தது. அதற்குமேல் எனக்குப் பொறுமையில்லை. அவ்வளவு கனமான மரத்தைத் தாங்குகிற தரை, நாற்பத்தைந்து கிலோ பெண்ணைத் தாங்காதா? தாவரவியல் படித்த மூளை இப்படித்தான் கணக்குப் போட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மேல்பரப்பு அப்பளம் மாதிரி நொறுங்கியது, ஆனால் தாங்கியது. முப்பது அடி போயிருப்பேன். மரம் இன்னும் இரண்டு எட்டு. அதன் பட்டையில் இருந்த வெடிப்புகள்கூடத் தெரிந்தன. எந்தப் பக்கத்திலிருந்து தோண்டலாம் என்று யோசித்தபடி அடுத்த காலை வைத்தேன்.

கால் நிற்கவில்லை. முழங்கால்வரை போய்விட்டது. அதை இழுக்க மறுகாலை ஊன்றினேன், அது தொடைவரை போனது. கையிலிருந்த கடப்பாரையைப் பக்கத்தில் ஊன்றி எழப் பார்த்தேன். அந்த நாலரை அடி இரும்பு, சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிக் காணாமல் போயிற்று. போன இடம்கூடத் தெரியாமல் சாம்பல் மூடிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

உதைத்தேன். உதைக்க உதைக்க இறங்கினேன். இடுப்பு, வயிறு. உள்ளே ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. நெஞ்சுக்குக் கீழே வந்தபோது வலது உள்ளங்காலில் ஏதோ கட்டையாகத் தட்டியது. உருண்டையாக, கை மொத்தத்துக்கு. வேர் என்று நினைத்தேன். அதன்மேல் காலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்குவது நின்றது.

பாய் கரையிலிருந்து இறங்கி நாலடி வைத்தார். அவர் கால் கணுக்கால்வரை புதைந்தது. வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அழுதுகொண்டே பின்வாங்கி, ஆளைக் கூட்டி வருகிறேன் என்று கத்திவிட்டு ஓடினார். மொபெட்டில் கயிறு இருப்பது அந்தப் பதற்றத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் என்று பாய் சொல்வார். வெயில் ஏறியது. ஒரு காக்கை அந்த மரத்தில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பறந்தது. அம்மாவிடம் கம்ப்யூட்டர் வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. நான் இங்கே இருக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவே தோன்றாது. கடப்பாரையை மூடியது போல என்னையும் மூடிவிட்டால் தேடக்கூட ஓர் அடையாளம் இருக்காது.

அப்போது தூரத்தில் ஏதோ உறுமியது. குட்டையின் மறுகோடியில் இருந்த பெரிய குழாய் நடுங்கியது. அதன் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. வெளுத்துக் காய்ந்திருந்த தரை அந்த மூலையிலிருந்து கருத்துக்கொண்டே வந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் என் பக்கமாக வந்தது. நான் அந்தக் கறுப்பு ஓரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். காலைக் கொஞ்சம் அசைத்தால் கீழே இருந்த கட்டை வழுக்கியது. அழுதால் உடம்பு குலுங்கும் என்று அழக்கூட இல்லை.

பாய் ஒரு பெண்ணோடு திரும்பி வந்தார். பக்கத்துக் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கரையில் நின்று என்னையும் குழாயையும் ஒரு தடவை பார்த்தார். பாய் மொபெட்டிலிருந்து கோணியையும் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் கயிற்றின் ஒரு முனையைப் பலகைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாயிடம் கொடுத்தார். மறுமுனையை எடுத்துக்கொண்டு, கோணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, அவற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார்.

“இன்னாத்துக்கு நின்னுகினு கீற? படு.”

படுத்தால் மூழ்கிவிடுவேன் என்றேன்.

“நின்னாத்தான் முழுங்கும். மல்லாக்கப் படு, கைய விரி. காலு சொம்மா கெடக்கட்டும்.”

அந்தக் கட்டையிலிருந்து காலை எடுக்க வேண்டுமே, அதுதான் என்னால் முடியவில்லை. உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் என் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, “என்னப் பாரு. கீழ இருக்கறத வுடு,” என்றார். விட்டேன்.

ஒரு கணம் அடியில் ஒன்றுமே இல்லை. அப்புறம் சாம்பல் என் முதுகைத் தாங்கியது. பாய் இழுத்தார். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக் கோணிமேல் ஏற்றினார். கால்கள் ஒவ்வொன்றாக, உறிஞ்சுகிற சத்தத்தோடு வெளியே வந்தன.  கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நான் கிடந்த பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் நிறைந்திருந்தது.

பாய் தன் தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்தார்.  எதற்கு அங்கே போனாய் என்று அந்தப் பெண் கேட்டார். அந்தக் குட்டை மரத்துக்காக, தொட்டியில் வைத்து வளர்க்க என்றேன்.  அவர் கேலி செய்யவில்லை.

“அது குட்ட மரம் இல்ல கண்ணு. மூணாள் ஒசரம். ஆட்டக் கட்டிப்போட்டுட்டு அதுக்கு அடியில குந்திகினுதான் நாங்க சோறு துன்னுவோம். சாம்பல் ஏறி ஏறி, இப்ப தல மட்டுந்தான் தெர்து.”

என் காலில் தட்டிய வேரைப் பற்றிச் சொன்னேன்.

“வேரு எங்கியோ கீழ கீது. நீ நின்னது கெளமேல.”

  கிளை. ஒரு முழு மரத்தின் உச்சிக் கிளையில் நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டாள் ஆழம். அதற்கும் அடியில், இந்தப் பெண் உட்கார்ந்து சாப்பிட்ட நிழல். அந்தக் கிளை அரை அடி தள்ளி வளர்ந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாய் ஏதோ கொடுக்கப் போனார். அவர் கையை ஆட்டிவிட்டு, கழிமுகத்தில் கடல் தண்ணீர் ஏறுவதற்குள் இறால் பார்க்க வேண்டும் என்று வேகமாக இறங்கிப் போய்விட்டார். வீட்டில் நான் சேற்றில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அந்த வருடக் கண்காட்சியில் என் மரம் எந்த மேசையிலும் இல்லை.

இப்போதும் நான் மரம் வளர்க்கிறேன், ஊர் ஊராக அலைகிறேன், அவசரமும் அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் தெரியாத இடத்தில் காலெடுத்து வைக்குமுன், இங்கே முன்பு என்ன இருந்தது என்று அங்கே வாழ்கிற ஒருவரையாவது கேட்டுவிடுகிறேன். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை என் வலது உள்ளங்கால் கூசிக்கொண்டேதான் இருக்கிறது.