கருமாதிப் பிரிவில் செல்வி அக்கா

விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் செல்வி அக்கா, இன்று காலை சிலிபின் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

பேராக் மாநிலத் தமிழர்களின் இணையதளங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறேன் அல்லவா? அதில் அவருடையதும் இருக்கிறது.

“தம்பி, ஒங்க லிஸ்ட்ல என்னைய கருமாதிச் சமையல்ல போட்டிருக்குலா. மக காட்டுனா. கல்யாண வீட்டுக்காரங்க அதப் பாத்துட்டு எப்படிக் கூப்பிடுவாங்க?”

போட்டது நான்தான். அவர் சமையலை நான் சாப்பிட்டது ஒரே ஒரு முறை, தாப்பாவில் என் மாமாவின் பதினாறாம் நாளில். அந்த நினைப்பிலேயே பிரிவைத் தட்டிவிட்டேன். தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால் முதல் படமே கல்யாணப் பந்தி.

“கம்ப்யூட்டர் அதுவா போட்டிருக்கும்க்கா” என்றேன்.

“அதான பாத்தேன். அதுக்கு நம்ம பழக்கவழக்கம் எங்க தெரியும், பாவம்!” என்று சிரித்துவிட்டு, கையிலிருந்த வடைப் பொட்டலத்தை என்னிடம் திணித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரிவை மாற்றிவிட்டேன். உண்மையை இன்னும் சொல்லவில்லை. வடையும் பொட்டலத்திலேயே அப்படியே இருக்கிறது.

யார் வீட்டிலாவது கல்யாணம் இருந்தால் கீழே சொல்லுங்கள். சமையல் அக்காவுடையது. பந்தி பரிமாற அந்தக் கம்ப்யூட்டரே நேரில் வரும்.