நான்காம் நிலை, என் வாசலில்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நெல்லித்தோப்பில் எங்கள் அன்பியத்தார், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, தெருவிலேயே சிலுவைப்பாதை செய்வோம். இயேசு சிலுவை சுமந்த வழியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீடு. வீட்டுக்காரர் வாசலில் மேசை போட்டு, படம் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, தாமே எழுதிய ஜெபத்தைப் படிக்க வேண்டும். நான் கவிதை எழுதுவேன் என்பது தெருவுக்கே தெரியும். இந்த ஆண்டு எனக்கு நான்காம் நிலை கிடைத்தது, இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் படித்தால் உருக்கமாக இருக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சரி என்றேன்.

என் மகன் காய்ச்சலில் போனான். கடைசி நேரத்தில் என்னை ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி வழியாக அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. அதைத்தான் எழுதினேன்.

எழுதியதை அன்பியத் தலைவரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. ஜெபத்தையும் அணிவகுப்பு மாதிரிதான் நடத்துவார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது, ஆண்டவர நிக்க வச்சுக் கேள்வி கேக்கற? கடைசி வரிய எடுத்துடு. உம் சித்தப்படி ஆகட்டும்னு முடி. சனங்க விசுவாசம் ஆடிப்போயிடும்."

"என் விசுவாசம் ஆடலையே முசியே. ஆடியிருந்தா அவருகிட்ட ஏன் கேக்கப்போறேன்? என் வேலையப் பாத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப வேற வூட்டுக்கு மாத்திடுவேன்."

"மாத்துங்க. சிலுவ என் வாசலத் தாண்டித்தான போவணும்? அங்க நின்னு படிப்பேன்."

அவர் மாற்றவில்லை. நான் வரியை எடுக்கவுமில்லை. அழகான வார்த்தையாகப் பார்த்துக் கோத்து, மாலை மாதிரி ஆண்டவர் கழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது எனக்கு வராது. வேண்டாதவர்களிடம்தான் அப்படி மரியாதையாக இருப்போம். நான் அவரிடம் சண்டை போடுகிறேன். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு முஸ்லிம் பெண்தான் மேசை கொடுத்தாள். தூக்கிவந்து போட்டவள், "படி அக்கா, பயப்படாத," என்று சொல்லிவிட்டுத் தன் வாசலிலேயே நின்றாள். சிலுவை வந்தது. நான் படித்தேன்:

கூட்டத்தை விலக்கிக்கொண்டு
உன் அம்மா வந்தாள்;
முட்கிரீடம் வைத்த உன் முகத்தை
ஒரு தடவை பார்த்துவிட்டாள்.
என் பிள்ளையின் கால்தான் எனக்குத் தெரிந்தது.
அவளுக்குத் திறந்த வழியை
எனக்கு ஏன் சாத்தினாய்?

அடுத்து சொல்தா பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டும். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். யாருடைய விசுவாசமும் ஆடி விழவில்லை. எல்லோரும் மண்டியிட்டிருந்தார்கள். பாட்டு இல்லாமலே அவர் எழுந்து, "அடுத்த நிலைக்குப் போவலாம்," என்றார்.

ஊர்வலம் நகர்ந்தது. நான் போகவில்லை. மெழுகுவத்தியை அணைக்காமல் படத்தின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வருவேன். அடுத்த வாரமும் வருவேன். நீ பதில் சொல்ற வரைக்கும் உன்ன வுடமாட்டேன்," என்றேன்.