குஞ்சு வண்டி வந்த காலை

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பை ஒட்டி இரண்டு கோழிக் கொட்டகைகள் இருக்கின்றன. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். கறிக்கோழியாக வளர்த்துத் தருவது எங்கள் வேலை. வெளி வேலைகளைக் கணவர் பார்ப்பார். கொட்டகைக்குள் நடப்பது முழுக்க என் பொறுப்பு. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி என்னோடு வேலை செய்தார்கள்.

அந்தப் பெண் என்னிடமிருந்துதான் தமிழ் கற்றாள். நான் எதற்கெடுத்தாலும் 'ங்க' போட்டே பேசுவேன் என்பதால் அவளுக்கும் அப்படித்தான் வந்தது. தீவனத் தட்டை வைத்துவிட்டுக் குஞ்சுகளைப் பார்த்து, "வாங்க, சாப்பிடுங்க" என்பாள். கேட்டுக்கொண்டே போகும் என் கணவருக்குச் சிரிப்பு தாங்காது.

அவள் முழுகாமல் இருந்தாள். மாதம் நெருங்கியதும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டால்தானே. கொட்டகை வாசலில் உட்கார்ந்து தண்ணீர்க் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஆடிச் சாரல் பிடித்திருந்த ஒரு காலையில் குஞ்சு வண்டி வந்தது. உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரித்து, குண்டு பல்புகளைத் தாழ இறக்கித் தயாராக இருந்தோம். பாதிப் பெட்டிகள் இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. பானைகளில் கரி மூட்ட ஓடினேன். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள். குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அடியில் இருப்பவை நசுங்கிச் செத்துப்போகும்.

அப்போதுதான் அவள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வலிக்குதுங்க."

அவள் புருஷன் குஞ்சுப் பெட்டியோடு நின்று அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். என் கணவர் வந்து அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க மூணு பேரும் காரெடுத்துட்டுக் கெளம்புங்க. குஞ்ச நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"தெரியாட்டி போன்ல கேட்டுக்கறேன். போ புள்ள."

பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். வலிக்கு நடுவிலும் அவள், "குஞ்சு வர்ற நாளா பாத்து இப்படி ஆயிப்போச்சுங்க அக்கா" என்றாள்.

"கம்முனு இரு கண்ணு. குஞ்சு மறுக்காவும் வரும்" என்றேன்.

பிரசவ அறைக்கு வெளியே இருந்தபோது கணவர் அழைத்தார். "எல்லாம் ஒரே மூலைல போய் ஏறிக்குது. என்ன பண்ணட்டும்?"

"குளுருது அதுகளுக்கு. கரிப்பானைய அங்கிட்டு நகத்துங்க. கும்பலக் கையால மெதுவாக் கலச்சு உடுங்க."

அடுத்த முறை அழைத்தபோது குஞ்சைப் பற்றிப் பேசவில்லை. "அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்குது?" என்றுதான் கேட்டார்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் அழுதுகொண்டே போனை எடுத்தான். ஊருக்குப் பேசப்போகிறான் என்று நினைத்தேன். முதலில் என் கணவருக்குத்தான் சொன்னான்.

சாயங்காலம் நான் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. கணவர் உமியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியோரத்தில் குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன. "மெதுவாப் பேசு" என்று கையைக் காட்டினார். செத்தவற்றை ஓரமாக எடுத்து வைத்திருந்தார். "மொதல்ல எனக்குப் புடிபடலை" என்றபோது முகம் வாடியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பிள்ளைகள் இருவரும் என் அம்மா வீட்டில் பிறந்தவர்கள். சேதி போன பிறகுதான் அவர் வந்து பார்த்தார். "நம்ம புள்ளைகளுக்குக்கூட நான் இப்படித் தவிச்சதில்ல" என்றார்.

தாயையும் குழந்தையையும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பூண்டுக்குழம்பு வைத்துக் கொடுத்தேன், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். ஒருநாள் அவள் அம்மா வீடியோ காலில் வந்தார். பேத்தியைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதபடியே ஏதோ சொன்னார்.

"கண்ணு பட்டுரும், மை வெக்கச் சொல்றாங்க அக்கா."

விரலில் மை தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து, போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். மறுபடியும் ஏதோ சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கணுமாம்."

வைத்தேன்.