விமானத் தரகரும் கலியாணத் தரகரும்

ஒரு செய்தித்தளத்துக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி வயிறு வளர்ப்பவன் நான். அன்று வந்தது போர் விமானக் கதை. ஒரு நாடு தன் விமானங்களை இன்னொரு நாட்டின் தலையில் கட்டியிருந்தது. "இதைவிட நல்ல விமானம் உலகத்திலேயே இல்லை" என்று வாங்கிய நாட்டுக்கு ஆலோசனை சொன்ன பெரிய மனிதர், விற்ற கம்பனியிலேயே பங்குதாரர். இந்தக் கூத்துக்கு ஆங்கிலத்தில் மரியாதையான பெயர் உண்டு. தமிழில் 'நலன் முரண்பாடு' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ சத்துணவுத் திட்டத்தின் பெயர் போல இருந்தது. எரிச்சலோடு அழித்தேன்.

பழுகாமத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மாவோடு கலியாணத் தரகர் கதைத்துக்கொண்டிருந்தார். புளியந்தீவுக்கு வேலைக்குப் போய்வரும் என் தங்கைக்குத்தான் மாப்பிள்ளை.

"பொடியன் தங்கம். வெல்லாவெளி வட்டையில வயல் இரிக்கு. இதவிட நல்ல மாப்பிள்ள வாவிக்கு அங்கால எழுவான்கரையிலயும் இல்ல, இங்கால படுவான்கரையிலயும் இல்ல."

எனக்குக் காது விடைத்தது. எழுந்துபோய்க் கேட்டேன்: "மாப்பிள்ள உங்களுக்கு என்ன முறை?"

தரகர் இருமினார். "அக்காட மகன். எங்கட வீட்டிலதான் இரிக்கான்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். அதாவது மருமகனுக்குச் சோறு போடும் வேலை தரகர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாறும். நான் கட்டுரையைக் கொண்டுவந்து மேடைப் பேச்சு மாதிரி வாசித்துக் காட்டினேன்.

"பிளேனுக்கும் எங்கட பிள்ளைக்கும் என்னகா?" என்றார் அம்மா.

"மருமகன் எண்டபடியாத்தான் தம்பி அவன்ட குணம் எனக்குத் தெரியும்," என்றார் தரகர்.

"விமானத்துக்கு ஆலோசனை சொன்னவரும் இதத்தான் சொல்லியிருக்கார்!"

தேநீரோடு வந்த தங்கை தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன், கட்டுரை எழுதினவருக்கு இந்த யாவாரத்தில லாப நட்டம் ஏதும் இரிக்கா?"

"இல்ல. அதாலதான் அவர நம்பலாம்."

"சரி. நம்மட ஊர் வழமையில வீடு பொம்புளப் பிள்ளைக்கு. நான் கலியாணம் முடிச்சா இந்த வீடு எனக்கு. மறுகா நீங்க எங்க போவீங்க?"

வீடு போய்விடுமே என்ற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். பொய்ச் சத்தியமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. தரகர் சிரித்துக்கொண்டே ஒரு வாய்த் தேநீரை ரசித்துக் குடித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க மாமா," என்றாள் அவரிடம். "கலியாணம் நடந்தா உங்களுக்குச் சோறு மிச்சம், நடக்காட்டி அண்ணனுக்கு வீடு மிச்சம். பிளேன ஓட்டப்போறவனிட்டயும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டாங்க. குடும்பத்த ஓட்டப்போறவ நான். என்னட்ட ஆர் கேட்டீங்க?"

அம்மா அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உனக்கு விருப்பமா மனே?"

"ஆளைக் காணாம என்னெண்டு சொல்றது? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்க, நான் கதைச்சுப் பாக்கிறன்."

"நானே கூட்டிக்கொண்டு வாறன்," என்று எழுந்தார் தரகர். நானும் வீட்டில் நிற்பதாகச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் வேணாம்," என்றாள் தங்கை.