பெனிபாதர் என்ற கஞ்சன்

வகுப்பில் இருபத்து நாலு பேர். இருபத்து மூன்று பேரின் குடும்பப் பெயர் சுவரில் ஏறிவிட்டது. என்னுடையது மட்டும் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எங்கள் வீடு வில்லரேயில். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் பகுதி அது. எனக்குப் பத்து வயது. குடும்பப் பெயரின் பொருளைத் தேடி, கடதாசியில் வெட்டிய இலையில் எழுதி வரச் சொன்னார் ஆசிரியை. சுவரில் பெரிய மரம் வரைந்து வைத்திருந்தார். தமிழருக்கு அப்பாவின் பெயர்தான் பின்பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எங்களுக்கோ ஐந்து தலைமுறையாக ஒரே ஆங்கிலப் பெயர்: பெனிபாதர். நூலகத்தில் தேடினேன். சில்லறைக் காசுக்குத் தகப்பன், அதாவது கஞ்சன். அந்தக் காலத்து ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயராம். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒளிக்காமல் எழுதிக்கொண்டு போனேன்.

ஆசிரியை இலையை வாசித்தார், என் முகத்தைப் பார்த்தார். "இது உன் உண்மையான பெயர் இல்லையே, கண்ணே. வீட்டில் கேட்டு உண்மையானதை எழுதி வா" என்று இலையைத் திருப்பித் தந்தார். உண்மையான பெயராம்! பிறப்புச் சான்றிதழிலும் அதே பெயர், பஸ் அட்டையிலும் அதே பெயர். இதைவிட உண்மைக்கு நான் எங்கே போவது?

வீட்டுக்கு வந்து கத்தினேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை முடித்து வந்த அப்பா, சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ர பூட்டன் யாழ்ப்பாணத்தில மிஷன் விடுதியில படிச்சவர், பிள்ளை. இங்கிலாந்தில ஆரோ ஒருத்தன் அவற்ர படிப்புக்குக் காசு அனுப்பினவன். காசு குடுக்கிறவன்ர பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது அப்ப வழக்கம்."

"காசைக் குடுத்திட்டுப் பேரைப் பறிச்சவனோ? அப்ப அவன் கஞ்சன்தான்!"

அப்பா சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த நாள் காலை, வேலைச் சட்டையோடே என்னுடன் பள்ளிக்கு வந்தார். பிரெஞ்சுக்குப் பயந்து அந்தப் படியே மிதிக்காத மனுஷன். நான்தான் மொழிபெயர்த்தேன். பூட்டன் கதையைக் கேட்ட ஆசிரியை, "சரி, அதற்கு முன் அவருக்கு இருந்த பெயர்?" என்றார்.

அப்பா அந்த மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "வேற பேர் இல்லை. இதுதான் எங்கட பேர் எண்டு சொல்லு."

நான் அதை இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னேன். ஆசிரியை முகம் சிவந்து இலையை வாங்கிக்கொண்டார். கீழ்க் கிளையில் ஒட்டப் போனவரை மறித்து, உச்சியில் ஒட்ட வைத்தேன். அப்பா அவரை மடக்கிவிட்டார் என்று அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் வயதில் அப்பாவும் ஆசிரியை கேட்ட அதே கேள்வியை வீட்டில் எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தவராம். பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பூட்டனைப் பெற்றவள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.