எடைமேடை மாமா

“எறங்குபா கீழ! மிஷினு பொய் சொல்லாது!” காலி எடையைக் கூட்டிக் காட்ட லாரியில் குனிந்து ஒளிந்திருந்த கிளீனரை மாமா போட்ட அந்த அதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமா என்றால் என் அக்கா புருஷன். உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரியில் எடைமேடை அவர் பொறுப்பு. காலி வண்டியை ஒருமுறை, ஜல்லி ஏற்றியபின் ஒருமுறை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார். எடை கூடினால் ஏதோ ஏறியிருக்கிறது என்பது அவர் வேதம்.

அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. அக்காவுக்கு முகம் உப்பி, உடம்பு கனத்துக்கொண்டே போனது. மாமா செல்போனில் கலோரி பார்க்கக் கற்றுக்கொண்டு, அவள் தட்டில் அவரே அளந்து வைத்தார். கீரைக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாய் என்று விசாரிப்பார். அக்கா வைத்ததைத் தின்றாள். எடை ஏறியது.

“உள்ள போறது கம்மி, எட மட்டும் எப்பிடி ஏறுது? நான் வேலைக்குப் போனப்புறம் இன்னா துன்ற?” என்று ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார். அக்கா தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனாள். கட்டியவனே திருட்டுத்தீனி என்று சொன்னால் அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்? எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

இருவரையும் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. தூக்கம் எப்படி, என்ன மாத்திரை போடுகிறாய் என்றார். குவாரித் தூசியில் அக்காவுக்கு வருஷக்கணக்காக இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே விடியும். அதற்கு மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தவர் மாமாதான். அது ஸ்டீராய்டு. பசியைக் கிளப்பும், உடம்பில் நீர் கோக்கும், கொழுப்பைச் சேர்க்கும். தூக்கம் கெட்டதும், மூச்சு வாங்கி நடக்க முடியாததும் அதோடு சேர்ந்துகொண்டன. “அவங்க பொய் சொல்லலீங்க. சோத்தக் கொறைச்சா மட்டும் இது எறங்காது” என்றார் டாக்டரம்மா. லாரிக்குத் தூக்கம் கெடுவதில்லை, இழுப்பும் வருவதில்லை. மாமாவுக்கு அது தோன்றவே இல்லை.

டாக்டரம்மா அந்த மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து, இழுப்புக்கு வேறு மருந்து கொடுத்தார். அக்கா தூங்கினாள், கொஞ்சம் நடந்தாள். முகம் வற்றியது. எடை ஓரளவு இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாதான் பரிமாறினார். அக்கா கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்து, குழம்பும் ஊற்றினார். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“கொஞ்சம் வெளிய போங்க. நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மாமா கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அக்கா சாப்பிட ஆரம்பித்தாள்.